காத்தான் ஏறிய கப்பல்

ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"கதை எழுதுற வாத்தியாருங்களா?"

"ஆமாம், சொல்லுங்க."

"ஒங்க கப்பலு ஒரு மாசமா கடல் தண்ணியிலயே ஓடுது. உப்பு எங்க சார் போச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரோ எண் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து வைக்கப் போனேன்.

"வச்சிடாதீங்க சார். தீபாவளி மலர்ல ஒங்க கதை படிச்சேன். நீராவிக் கப்பல். நல்லாத்தான் இருக்குது. ஆனா கடல் தண்ணிய பாய்லர்ல காய்ச்சினா உப்பு கட்டும். கல்லு மாதிரி கட்டும். அப்பப்ப தொறந்து வெளிய தள்ளணும். இல்லாட்டி பத்து நாள்ல வெடிச்சிடும். நீங்க பாட்டுக்கு ஒரு மாசம் ஓட்டுறீங்க."

அப்படித்தான் தனவேல் என் வாழ்க்கைக்குள் வந்தான்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும், நீங்கள் எழுதிக்கொண்டிருந்த நீராவிக் கதை ஏன் பாதியில் நின்றுபோனது?" என்று கடிதத்தில் கேட்டிருந்தார். பல வருடங்களாகப் பலர் கேட்டிருக்கிறார்கள். வேலை, உடம்பு என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். இந்த வாரம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு மாற்றம்

தனவேலுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போனால் வாந்தி நிற்காது என்பதால் ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஒரு மருந்து கம்பெனியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்தான். பாய்லர் ஓடும்போது பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும், ஆனால் எப்போதும் வேலை இருக்காது. அந்த நேரத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பான்.

அவனை முதலில் பார்த்தபோது அவன் புருவங்களைத்தான் கவனித்தேன். அனல் பட்டுப் பட்டு அவை செம்பட்டையாகிப் போயிருந்தன.

ஸ்டீம்பங்க் என்று இந்த வகைக் கதைகளுக்குப் பெயர். மின்சாரமும் பெட்ரோலும் வருவதற்கு முன், நீராவியே உலகத்தை ஆண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. பித்தளைக் குழாய்கள், பல்சக்கரங்கள், புகை கக்கும் ஆகாயக் கப்பல்கள். படிக்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எழுதுகிறவனுக்கு அப்படி இல்லை. முதலில் ஒரு பொய் வரலாற்றைக் கட்ட வேண்டும். அந்தப் பொய்க்குள் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும்.

நான் வரலாறு நடத்துகிறவன். எனக்கு ஒரு விதி இருந்தது. நடந்த சரித்திரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் கை வைக்கலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளைய வேண்டும்.

தனவேலும் நானும் சேர்ந்து கட்டிய உலகத்தில் நாங்கள் கை வைத்தது இங்கே. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கச் செய்த நீராவிப் பம்பு ஒன்று, வேறெங்கோ போக வேண்டியது, புயலில் தடம் மாறிப் புதுச்சேரிக் கரையில் இறக்கப்படுகிறது. முத்தியால்பேட்டைக் கொல்லர்கள் அதைப் பிரித்துப் பார்க்கிறார்கள். திரும்பப் பூட்டும்போது, அதே போல இன்னொன்றையும் செய்து இரண்டாகப் பூட்டுகிறார்கள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் தறிகள் நீராவியில் ஓடின. நம்மூர் நீலத்துணி கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவுக்குப் போனது. ஆங்கிலேயர்கள் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கிய அந்த முற்றுகை, எங்கள் உலகத்தில் தோற்றுப்போனது. தவளக்குப்பத்தில் ஆகாயத்துறை வந்தது. பண்டிகை நாட்களில் அங்கிருந்து காரைக்காலுக்கு ஆகாயக் கப்பல் விட்டோம்.

"எவ்ளோ பேரு ஏறலாம்?" என்றான் தனவேல்.

"நாப்பது பேர்."

"பாய்லரு, தண்ணி, கரி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நாப்பது பேரா? பன்னெண்டு வச்சிக்க. அதுவும் ஒல்லியான ஆளா பாத்து."

அந்த உலகத்தில் ஆகாயக் கப்பலில் ஏறுமுன் எல்லோரையும் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். வாசகர்கள் மிகவும் ரசித்த அந்தப் பகுதி அவனுடையது. என் பெயரில் வந்தது.

கையெழுத்துப் போடாதவர்கள்

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மாற்று வரலாறு என்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. இங்கே பாதி வீடுகளில் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்கு ஊர் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். ஓப்சியோன் என்று அதற்குப் பெயர். எழுதிக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசில் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வந்து வெயிலில் சிவந்துபோய்த் திரும்புகிறார்கள். கொடுக்காதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே சாரம் பகுதியில், என்னைப் போல, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அப்பா கையெழுத்துப் போடவில்லை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார். சாம்பாரில் உப்பு குறைந்தாலும், "அன்னிக்கு மட்டும் உங்கப்பா ஒரு கையெழுத்து போட்டிருந்தா" என்றுதான் ஆரம்பிப்பார்.

இதைத் தனவேலிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எங்க வூட்ல கையெழுத்து போட்டதாலதான் பிரச்சனை" என்றான். பிறகு, "கையெழுத்து எங்க? கைநாட்டு" என்று திருத்திக்கொண்டான்.

அவனுடைய தாத்தாவின் தாத்தாவுக்கு ஒரு தம்பி. பெயர் காத்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், ஐந்து வருடத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி எங்கோ ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இந்தக் கரையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். காத்தான் எந்தத் தீவுக்குப் போனான், போய்ச் சேர்ந்தானா என்றுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுடைய அம்மா பல நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும்போது, தனவேல் வீட்டில் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். காத்தான் செத்த நாள் தெரியாது என்பதால் அவன் பெயரையும் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். இத்தனை தலைமுறையாக.

"நம்ம உலகத்துல அந்தக் கப்பல் போவக்கூடாது வாத்தியாரே" என்றான் தனவேல். "எனக்கு வேற எதுவும் வேணாம். எம் பேரு கூட போட வேணாம்."

பார்க்கலாம் என்றேன்.

கரி யார் அள்ளுவது?

ஒரு வார இதழ் எங்கள் கதையைத் தொடராகப் போட ஒப்புக்கொண்டது. எங்கள் கதை என்று இப்போது எழுதுகிறேன். அப்போது என் கதை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

எழுத எழுத ஒரு சிக்கல் பெரிதாகிக்கொண்டே வந்தது. இத்தனை தறிகளும் கப்பல்களும் ஓட வேண்டுமென்றால் கரி வேண்டும். கடலூருக்கு அப்பால் பழுப்பு நிலக்கரி கிடைப்பதாக வைத்துக்கொண்டோம். அதை வெட்ட ஆள் வேண்டும். கப்பலின் வயிற்றுக்குள் நின்று உலையில் அள்ளிப் போட ஆள் வேண்டும். எங்கிருந்து வருவார்கள்? நீராவித் தறியால் பணக்காரர்களாகிவிட்ட நெசவுச் சங்கத்தார் வரப்போவதில்லை. என் தர்க்கப்படி, நிஜத்தில் போனதைவிட அதிகமான கப்பல்கள் அதிகமான ஏழைகளை ஏற்றிக்கொண்டு போயின.

அது சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெறும் வேடிக்கைக் கதை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அந்த வலியைக் காட்ட ஒரு மனிதன் தேவைப்பட்டான். அவனுக்குக் காத்தான் என்று பெயர் வைத்தேன். கைநாட்டு, கரையில் உட்கார்ந்திருந்த அம்மா, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். காரைக்காலைத் தாண்டியதும், முந்தைய பயணத்திலேயே உப்புக் கட்டியிருந்த பாய்லர் வெடித்து, கரி அள்ளிக்கொண்டிருந்த காத்தான் செத்துப்போகிறான். வெடிக்கும் முன் கேட்கும் சீறல், உலைச் சுவர் உப்பி வரும் விதம், எல்லாம் தனவேல் சொல்லிக் கொடுத்தவை.

அந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். அவனைக் கௌரவப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

முத்தியால்பேட்டையில் நாங்கள் வழக்கமாக உட்காரும் டீக்கடை. படித்து முடித்துக் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் நகர்த்தினான்.

"நான் சொல்லிக் குடுத்ததை வச்சே அவன கொன்னுட்டியா?"

"தனவேலு, இது கதை."

"கதைன்னுதான் நானும் சொல்றேன். நெசத்த மாத்த முடியாது. கதைய மாத்தலாம் இல்ல? ஒரு தடவ போனது பத்தாதா அவன்? இங்கயும் போவணுமா?"

"அவன விட்டுட்டா மொத்தமும் பொய்யாயிடும். வரலாத்துக்குன்னு ஒரு நியாயம் இருக்கு."

"முத்தியால்பேட்டையில ஆகாயக் கப்பல் கட்டுவ. வெள்ளக்காரனத் தோக்கடிப்ப. அதெல்லாம் பொய் இல்ல. எங்க வூட்டு ஆளு ஒருத்தன் வூட்டுக்குத் திரும்பி வந்தா மட்டும் பொய்யாயிடுமா?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "பாய்லர் பத்தி நீ சொல்லு, கேட்டுக்கிறேன். கதைய எங்கிட்ட விட்டுடு" என்றேன்.

தனவேல் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். பைக் வைத்திக்குப்பம் பக்கம் திரும்புவது தெரிந்தது.

அந்த அத்தியாயம் அச்சுக்குப் போக இன்னும் ஏழெட்டு வாரம் இருந்தது. மாற்றியிருக்கலாம். குறைந்தது அந்தப் பெயரையாவது மாற்றியிருக்கலாம். ஒரு நாள் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதிக்கூடப் பார்த்தேன். வேறு எந்தப் பெயரும் அவ்வளவு நன்றாக இல்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள்

தனவேலுக்கு உடம்பு சரியில்லை என்று டீக்கடைக்காரர்தான் சொன்னார். மஞ்சள் காமாலை முற்றி ஈரலைப் பாதித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாளாகிறது என்றார்.

அன்றைக்கே போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வண்டியில் பத்து நிமிடம். காலாண்டுத் தேர்வு நடக்கிறது, முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. காத்தான் செத்துப்போகும் அத்தியாயம் அந்த வாரம்தான் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன். வண்டியை நிறுத்தினேன். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கினேன். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் அரைமணி இருந்தது. சாத்துக்குடிப் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பழங்களைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் தனவேல் இறந்துபோனான்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்"

உடலை எடுத்துக்கொண்டு போனபோது கூட்டத்தில் பின்னால் நின்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாயங்காலம்தான் வீட்டுக்குள் போனேன்.

தனவேலின் மனைவி அமுதா மீன் வியாபாரம் செய்கிறவர். தெருவுக்கே கேட்கும் குரல். அன்றைக்கு அது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"வாங்க சார். ஒக்காருங்க" என்றார். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லா இருக்கணும் சார். அவரு கேட்டத செஞ்சி குடுத்துட்டீங்க. அந்தக் காத்தான வூட்டுக்கு கொண்டாந்து சேத்துட்டீங்களே. அதக் கேட்டப்புறம்தான் அவரு மொகம் தெளிஞ்சிது."

நான் வாயைத் திறந்தேன். உள்ளறை வாசலில் அவருடைய மகள் மலர் நின்றிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

வாயை மூடிக்கொண்டேன். அமுதா அழுது ஓயும்வரை என் கை அவர் கைக்குள் இருந்தது.

கிளம்பியபோது மலர் கூடவே நடந்து வந்தாள். படகுகள் ஏற்றி வைத்திருக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றாள்.

"அம்மாவுக்குப் படிக்க வராது சார். அப்பாவால கண்ணத் தொறந்து படிக்க முடியல. அந்த வாரப் புக்க வாங்கியாந்து படின்னு சொன்னாரு. நான் படிச்சேன். பாதியில எனக்குத் தெரிஞ்சி போச்சு, நீங்க காத்தான சாகடிக்கப் போறீங்கன்னு."

"அப்புறம்?"

"பக்கத்தத் திருப்பிட்டு, எனக்குத் தோணுனத படிச்சேன்."

அப்பாவிடம் பாய்லர் கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண். எந்த வால்வை எப்போது தட்டிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அச்சிட்ட பக்கத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒன்றை, நிறுத்தாமல், என் நடையிலேயே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதில் காத்தான் சாகவில்லை. கரைக்கு வந்து சேர்ந்தான்.

"அப்பா கண்ண மூடிக்கிட்டே கேட்டாரு. 'அவங்க அம்மா கரையில இருந்தாங்களா?'ன்னாரு. இருந்தாங்கப்பான்னேன். 'வாத்தியாரு பரவால்ல, மனசு மாறிட்டான். வூட்டுக்குப் போனதும் பேசணும்'னாரு."



அப்பாவிடம் சொன்னதை முழுவதும் எனக்கும் சொல்லும்படி கேட்டேன். சொன்னாள். அப்படியே எழுதி, புத்தகமாக வரும்போது என் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கிறேன், உன் பெயரும் இருக்கும் என்றேன். பரிகாரம் ஒன்று கிடைத்துவிட்டது என்ற அவசரம் எனக்கு.

"வேணாம் சார்" என்றாள் மலர். குரலில் கோபமில்லை. "அது புக்குக்கு இல்ல. எங்கப்பாவுக்குச் சொன்னது. நீங்க எழுதுனது நீங்க எழுதுனதாவே இருக்கட்டும்."

தொடர் அந்த மாதத்தோடு நின்றது. பத்திரிகைக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன். முத்தியால்பேட்டைக் கொல்லர்களும் தவளக்குப்பத்து ஆகாயத்துறையும் பாதியில் நிற்கின்றன. எப்படி முடிப்பது என்று கேட்பதற்கு ஆள் இல்லை. காத்தான் எப்படிக் கரை சேர்ந்தான் என்பதை இங்கேயும் நான் எழுதவில்லை. அது மலருடையது.

சென்ற மாதம்

மலர் கல்யாணமாகிக் காரைக்காலில் இருக்கிறாள். சென்ற மாதம் போன் செய்தாள். மாசி மகத்துக்கு வந்தபோது அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். "இனிமே நீங்க மறைச்சி பேச வேணாம் சார்" என்றாள்.

இத்தனை வருடங்களில் வழியில் பார்க்கும்போதெல்லாம் அமுதா என்னிடம் காசு வாங்காமல் நல்ல மீனாக எடுத்துப் போடுவார். நானும் வாங்கிக்கொண்டு வருவேன். மலர் போன் செய்த மறுநாள் காலையிலேயே வைத்திக்குப்பத்துக்குப் போனேன். அமுதா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"மலர் சொல்லிச்சாமே" என்றேன்.

"சொல்லிச்சி."

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். அவன் கேட்டத நான் செய்யல."

அமுதா ஒரு வரிசை முழுவதும் புரட்டி முடித்தார்.

"கதை போனா போவுது சார். அது ஒங்க எழுத்து. நீங்க எப்படி வேணா எழுதுவீங்க" என்றார். "ஒம்போது நாளு இருந்தாரு. தெனம் வாசப்பக்கம் யாரு வந்தாலும், வாத்தியாரான்னு கேப்பாரு. ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம் நீங்க."

அந்தச் சாத்துக்குடிப் பையைப் பற்றி அவரிடம் சொல்ல முடியவில்லை. இதைப் படித்து யாராவது சொன்னால் தெரிந்துகொள்ளட்டும்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அமுதா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். உட்கார்ந்து குடித்தேன். குடித்து முடித்ததும் சொம்பை வாங்கிக்கொண்டு மறுபடி கருவாட்டுப் பக்கம் போனார்.